நல்ல இலை

அதே பதில். மறுபடியும் அதே பதில்தான்.

சின்னவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி நாற்காலியில் சரிந்தாள். நேற்று இந்தப் பதில் வந்தபோது, தன் கைதான் எங்கோ சொதப்பியிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கையுறையிலிருந்து சோதனைக் குழாய்வரை எல்லாவற்றையும் புதிதாக எடுத்து வைத்து, முதலிலிருந்து செய்தாள். இன்று பழியைப் போட ஓர் ஆள்கூட மிச்சமில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவளின் அண்ணன் ஒட்டுக்கன்று வளர்த்து விற்கும் பண்ணைக்காரன். அக்காவின் வீட்டுக்காரருக்கு, அதாவது அத்தானுக்கு, ஆரஞ்சுத் தோட்டம். மச்சானிடம் வாங்கி நட்ட கன்றுகள் வளராமல் குட்டையாக நின்று, அடிப்பட்டை வெடித்து உரியத் தொடங்கியதும் அத்தான் தாம்தூம் என்று குதித்தார். "உன் கன்னுலதான் நோய்" என்றார். "உங்க மண்ணுலதான் நோய்" என்றான் அண்ணன். பேச்சு முற்றி, அத்தான் விவசாயிகள் சங்கத்தில் புகார் கொடுக்க, சங்கம் வந்து பண்ணைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனது. ரிப்போர்ட் வரும்வரை ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். சோதனையைச் சின்னவள்தான் செய்யவேண்டும். "அவ பொய் சொல்ல மாட்டா" என்று இருவரும் தனித்தனியாக வந்து ஆய்வகத் தலைவரிடம் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் அரை மனதோடுதான் சம்மதித்தார். "ஆனா ஒண்ணு. ரிப்போர்ட் என் மேஜைக்கு வர்ற வரைக்கும் நீ அக்கா வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. அண்ணனோட ஒரே வீட்டுல இருக்கே, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அங்கே வாயைத் திறக்காம இரு."

இத்தனை நாளும் சின்னவள் அப்படித்தான் இருந்தாள். ஒரே மேஜையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். அந்தப் பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவள் முன்னால் இருந்த கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் ஸ்டேப்ளர். வந்த புதிதில் கணக்குப் பிரிவு அம்மா அதில் காகிதம் செருகி ஓங்கி அழுத்தப் போனதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இலையை அரைத்து, அதிலுள்ள மரபணுச் சரடுகளைப் பிரித்தெடுத்து இதில் ஒரு சொட்டு விட்டால் போதும், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு சரட்டையும் படித்துத் திரையில் கொட்டிவிடும்.

முன்பெல்லாம் எந்த நோய் என்று சந்தேகமோ, அதற்கு மட்டும்தான் சோதனை செய்வார்கள். கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். ஸ்டேப்ளருக்கு அந்த அடக்கம் கிடையாது. இலைக்குள் யார் யார் குடியிருக்கிறார்களோ அத்தனை பேரையும் சொல்லிவிடும், நாம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

நோயாளிக் கன்றுகளின் இலையில் அது கண்டுபிடித்தது ஒரு வைராய்டு. வைரஸைவிடச் சிறியது, மேலே ஓர் உறைகூட இல்லாத வெறும் மரபணு வளையம். அத்தான் தோட்டத்தில் நட்ட கன்றிலும் இருந்தது, அண்ணனின் பண்ணையை விட்டு வெளியே போகாத கன்றிலும் இருந்தது. அதுவரை சரி.

அண்ணனின் தாய்மரம், அதாவது ஒட்டுக் கட்ட மொட்டு எடுக்கும் மரம், சுத்தமாக இருந்தது. அங்கேதான் குழப்பம் தொடங்கியது. தாய் ஆரோக்கியமாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அடுத்தது நல்ல இலை.

எந்தச் சோதனையிலும் நோயில்லாத ஓர் இலையைக் கூடவே வைத்துச் செய்வார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. ஆய்வகத்தில் அதை நல்ல இலை என்பார்கள். ஆரஞ்சு வகைக்கு அந்த நல்ல இலை எப்போதும் அத்தான் வீட்டுப் பின்கட்டு மரத்திலிருந்துதான் வரும். கிளை முறிய முறியக் காய்க்கும், விதையில்லாத பழம், ஒரு நாள்கூட வாடி நின்றதில்லை. அத்தான் அந்த மரத்தை யாரையும் தொட விடமாட்டார். ஒரு குச்சிகூட யாருக்கும் கொடுத்ததில்லை. சின்னவள் ஆய்வகத்துக்கு இலை பறிக்க வந்தபோது மட்டும் நெஞ்சு நிமிர்ந்து, தானே ஏணி பிடித்தார். "லேபுக்கே என் மரம்தான் அளவுகோல்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நல்ல இலைக்குள் அதே வைராய்டு. எழுத்துக்கு எழுத்து அதே.

பக்கத்து மேஜை நண்பர் எட்டிப் பார்த்தார். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு டபுள் கண்ணாடி என்று பெயர்.

"இன்னிக்கும் அதேதானா?"

"அதேதான்."

"சிந்தியிருக்கும்மா. ஒரு குழாயிலிருந்து இன்னொண்ணுல தெறிச்சிருக்கும்."

"இது இந்த வாரம் பறிச்ச இலை இல்ல. ஃப்ரீசர்ல இருந்த பழைய இலை. அந்தக் கன்னெல்லாம் நடறதுக்கு முன்னாடியே பறிச்சது. இதுக்குன்னு தனியா, வேற ரூம்ல வெச்சு அரைச்சேன்."

டபுள் கண்ணாடி நெற்றிக் கண்ணாடியை இறக்கி, திரையை நன்றாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதுக்கு வம்பு? நல்ல இலை கெட்டுப்போச்சுன்னா சோதனையே செல்லாது. ஒப்பு மாதிரி சரியில்ல, முடிவு சொல்ல முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடு. யாரும் தப்பு சொல்ல முடியாது."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த ஒரு வரி அவளுக்கும் தோன்றாமலில்லை. ஆனால் பொய்யை எவ்வளவு கௌரவமான வார்த்தையில் எழுதினாலும் அது பொய்தானே.

அவள் வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். வாயைத் திறக்காதே என்ற கட்டளை அங்கேயே காற்றில் போயிற்று.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தானுக்குக் குடுத்த கன்னுங்களுக்கு மொட்டு எங்கிருந்து எடுத்தே?"

"என்ன கேள்வி இது? என் தாய்மரத்துலதான்."

"உன் மரத்துல நோய் இல்ல. கன்னுல இருக்கு."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா?"

"அதை மட்டும் என்கிட்டக் கேக்காதே. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"கேக்காதேன்னு சொல்றேன்ல."

சொல்லமாட்டேன் என்பதிலேயே பாதி சொல்லிவிட்டான். அத்தான் வீட்டில் அவனிடம் வாக்கு வாங்கக்கூடிய ஆள் ஒருத்திதான், அக்கா.

"சரி, போனை வை" என்றாள். அண்ணன் வைக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஒரு பெருமூச்சோடு சொன்னான்: "இன்னிக்கு அங்கே கவாத்து. வருஷா வருஷம் அத்தான் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தப் பின்கட்டு மரத்தை மட்டும் கடைசியா அவரே வெட்டுவார், என்னைத் தொட விட மாட்டார். இந்த வருஷம் ராசின்னு முதல் வெட்டே அதுலதானாம், கிளை இழுத்துப் போடக் கூலிக்கு ஆள் விட்டிருக்காராம்."

சின்னவளுக்குப் பகீர் என்றது.

கிளை வெட்டும் கத்தரி. அந்த மரத்தை வெட்டிய கத்தரியோடு அடுத்த மரத்துக்குப் போவார். அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இந்த வைராய்டு காற்றில் பறக்காது, மழையில் பரவாது. வெட்டுக்காயம் வழியாகத்தான் போகும். அத்தான் தன் கையாலேயே தோட்டம் முழுவதற்கும் நோயை ஊட்டிவிடப் போகிறார்.

போனில் சொன்னால் நம்புகிற ஆளா? கவாத்து நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார். இரண்டு முறை முயன்று பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவும் எடுக்கவில்லை.

தலைவர் மீட்டிங்கில் இருந்தார். கதவைத் தட்டக் கை போய், திரும்பி வந்தது. தட்டினால் அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் காகிதம் தயாராவதற்குள் பாதித் தோட்டம் வெட்டுப்பட்டிருக்கும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அக்கா சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"நீ வரக் கூடாதுன்னாங்களே?"

"அத்தான் கவாத்து ஆரம்பிச்சுட்டாரா?"

"இப்பதான். பின்கட்டு மரம் முடிச்சு, தோட்டத்துக்குள்ள போறார். என்னடி ஆச்சு? மூச்சு வாங்குது?"

"அண்ணனுக்கு அந்த மரத்திலிருந்து குச்சி குடுத்தியா?"

பாத்திரம் நிரம்பி வழிந்தது. அக்கா குழாயை மூடவில்லை. சின்னவள்தான் கை நீட்டி மூடினாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இலை சொல்லுச்சு."

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மறைக்க முயலவில்லை. பல நாள் தொண்டையில் சிக்கியிருந்ததைத் துப்புவதுபோல மளமளவென்று சொன்னாள்.

"அந்த வருஷம் வெயில்ல அவன் தாய்மரத்துத் துளிரெல்லாம் கருகிப்போச்சு, ஞாபகம் இருக்கா? ஒரு மொட்டு இல்ல. வாங்கறவங்களுக்கெல்லாம் கன்னு தர்றேன்னு சொல்லிட்டான். இங்கே வந்து, இதே நாற்காலியில உக்காந்து, குடுத்த காபியைக்கூடத் தொடல. எனக்கு மனசு கேக்கல. உங்க அத்தான் வெளியூர் போயிருந்தார். நானே வெட்டி, ஈரத்துணியில சுத்தி, காய்கறிப் பையில போட்டுக் குடுத்தேன். மரத்துக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அதை அவன் தன் தாய்மரத்துக் கன்னுன்னு சொல்லி வித்தான்."

"ஆமா. உங்க அத்தானே போய் வாங்கினார். 'நம்ம மரம் மாதிரியே இலை இருக்கு, பாரு'ன்னு என்கிட்டயே காட்டினார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"அக்கா, அந்த மரம் நோயைச் சுமந்துக்கிட்டே நல்லா நிக்குது. அதோட அடிவேர் வேற சாதி, தாங்கிடுச்சு. அண்ணன் ஒட்டுக் கட்டின வேர் தாங்கல. அவ்வளவுதான். அண்ணன் மேல தப்பில்ல, அத்தான் மண்ணு மேலயும் தப்பில்ல."

"அப்ப என் மேலதான் தப்பு."

"உனக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது. எனக்கே தெரியல. அந்த இலையை வெச்சுத்தானே ஊருக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்லிக்கிட்டிருந்தேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"எங்க மரத்தை ரிப்போர்ட்ல எழுதாதேடி. சோதனை சரியா வரலன்னு எழுதிடேன். அவரைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஒரு கூடைப் பழத்தைச் சொல்லாம எடுத்தார்னு சொந்தத் தம்பியோட பேச்சை விட்டவர். தம்பி பிள்ளைக்குக் கல்யாணம், போகல. தம்பி படுத்த படுக்கையா இருந்தார், எட்டிப் பார்க்கல. என்னை வீட்டை விட்டுப் போன்னு சொல்ல மாட்டார். இருக்கச் சொல்லி, பேசாமலே இருந்துடுவார். அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு."

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். அக்காவுக்காக எதையும் செய்யலாம்போல இருந்தது. ஆனால் அண்ணனின் பண்ணையில் சீல் தொங்குகிறது. அவன் கன்றுகளைச் 'சந்தேகம்' என்று சொல்லிவிட்டால் இனி யார் வாங்குவார்கள்?

வெளியே கத்தரி வெட்டும் சத்தம் கேட்டது.

"அதை அப்புறம் பேசலாம். இப்ப அவரை நிறுத்தணும்" என்று பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அக்கா பின்னாலேயே வந்தாள்.

பின்கட்டு மரம் முடி வெட்டிய தலைபோலப் பளிச்சென்று நின்றது. தோட்டத்தின் முதல் மரத்தடியில் அத்தான். இரண்டு கூலியாட்கள் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தரியை ஒரு கிளையில் வைத்து அழுத்தப் போனார்.

"அத்தான், நிறுத்துங்க! கத்தரியைக் கீழ வைங்க!"

அத்தான் திரும்பினார். கோபம் மச்சான்மேல்தான்; மச்சினிமேல் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க டாக்டரம்மா! ரிப்போர்ட் கையோட வந்துடுச்சா? என் மரம் பாஸா, ஃபெயிலா?"

"கீழ வைங்க அத்தான். அந்த மரத்தை வெட்டின கத்தரியால இன்னொண்ணைத் தொடாதீங்க."

"ஏன், நான் என்ன கத்துக்குட்டியா? ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் வெட்டறேன்."

"ஸ்பிரிட்டுக்கு இது சாகாது. நெருப்புல காட்டினாலும் போகாது. ப்ளீச்சிங் கரைசல்ல முக்கி எடுக்கணும்."

"எது சாகாது?"

கூலியாட்கள் கிளையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

"கன்னுல இருக்கற அதே நோய், பின்கட்டு மரத்துலயும் இருக்கு."

அத்தானின் சிரிப்பு மெல்ல வற்றியது. "சண்டாளன். அவன் கன்னு என் மரத்துக்கும் ஒட்டிடுச்சு, அதானே?"

தலையை ஆட்டினால் போதும். அக்கா தப்பித்துவிடுவாள். அண்ணன் அத்தோடு முடிந்தான். தலை ஆடவில்லை.

"இல்ல அத்தான். கன்னு வர்றதுக்கு முன்னாடியே இந்த மரத்துல இருந்திருக்கு. பழைய இலையைப் படிச்சுப் பார்த்துட்டேன்."

அத்தானுக்குப் பிடிவாதம் உண்டு, புத்தியும் உண்டு. கத்தரியைத் தொங்கவிட்டபடி யோசித்தார்.

"என் மரத்துல முதல்லயே இருந்தது அவன் கன்னுக்கு எப்படிப் போச்சு? காத்துல பறந்தா?"

"காத்துல பறக்காது."

"பின்னே?"

"இதோட மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டியிருக்கணும்."

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அவள் தோளில் தொங்கிய பையையும், பையின் பக்கவாட்டில் செருகியிருந்த சிறிய கத்தரிக்கோலையும் பார்த்தார்.

"இந்த மரத்துல கை வெச்ச வெளியாள் ஒருத்தர்தான்" என்றார். குரல் உயரவே இல்லை. "மாசாமாசம் லேபுக்கு இலைன்னு வந்தே. நானே உனக்கு ஏணி பிடிச்சேன்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது அடைத்தது. தன்மேல் அப்படி ஒரு பழி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. "அத்தான், நான் இலையைத் தவிர..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்தினாள். நானில்லை என்றால் அடுத்த கேள்வி யார் என்பதுதான்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். உதடு துடித்தது. இதோ சொல்லப் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். சொல்லட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன், என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தயார்கூடச் செய்துகொண்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"ஏன்டி, உன்னை நம்பித்தானே மரத்தைத் தொட விட்டோம்?"

சொல்லும்போதே, கணவர் பார்வை படாமல், அவள் விரல்கள் சின்னவளின் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. நகம் பதிந்தது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அத்தான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். இரண்டு மணியிலேயே ஆய்வகத் தலைவரின் குரல் வந்தது.

"சொல்லுங்க. உங்க ரிப்போர்ட்டுக்காகத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணை ஸீட்ல காணோம்."

"இங்கதான் சார் இருக்கா. என் தோட்டத்துல, என் முன்னாடி நிக்கறா. எப்பவும் உங்க லேபுக்கு இலை எடுக்கறேன்னு வந்து என்ன எடுத்துட்டுப் போனான்னு அவகிட்டயே கேளுங்க."

போனை அவளிடம் நீட்டினார்.

"ஹலோ?" என்றது தலைவரின் குரல். "ஹலோ, அங்கே எதுக்கும்மா போனே?"

சின்னவள் போனை வாங்கினாள். இன்னொரு மணிக்கட்டை அக்கா இன்னும் விடவில்லை.